ஆண்டேட்டில் விழுந்த ஓட்டை

எங்கள் மடத்தில் ஒன்று நடந்தது என்று சொல்ல இரண்டு காரியம் ஆகவேண்டும். முதலில் அது நடக்கவேண்டும். இது அவ்வளவு முக்கியமில்லை. அடுத்து, அதை ஆஸ்பெர்ன் சாமி ஆண்டேட்டில் எழுதவேண்டும். வருஷா வருஷம் நடந்ததை எழுதி வைக்கும் தடித்த தோல் புத்தகம் அது. அதில் இல்லாத எதையும் எங்கள் துறவிகள் நம்புவதில்லை.

சந்தேகமிருந்தால் மணிக்கூண்டைப் பாருங்கள். பார்க்க முடியாது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் இடிந்து விழுந்துவிட்டது. இரண்டு பன்றிகள் செத்தன. ஆனால் கட்டியவர் மடத்தலைவர் வாரின் சாமி. "நான் கட்டின கூண்டு விழாது, ஏட்டுல எழுதாதே" என்று சொல்லிவிட்டார். ஆகவே கூண்டு விழவில்லை. வாயில்காப்போனாகிய நான், ஓர்ம், இன்றைக்கும் காலையில் போய் மணிக்கூண்டுக் கதவைத் திறந்து சாயங்காலம் பூட்டுகிறேன். கதவு மட்டும்தான் நிற்கிறது, சுவர் கிடையாது. மணி ஆப்பிள் மரத்தில் தொங்குகிறது. பன்றிகளைத் துறவிகள் சாப்பிட்டார்கள், அது மட்டும் நடந்தது.

ஆஸ்பெர்ன் சாமியை ஏழு வயதில் பெற்றோர் கொண்டுவந்து, வலது கையைப் பீடத்துணியில் சுற்றி, மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அந்தக் கைதான் நாற்பத்தொரு வருஷமாக ஆண்டேட்டை எழுதுகிறது. இப்போது எழுபத்து மூன்று வயது, ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது. சொல் அலங்காரமெல்லாம் அவருக்கு வராது. 'இந்த வருஷம் கடுங்குளிர். விலாங்கு மீன் நிறையக் கிடைத்தது. மடத்தலைவர் குதிரையிலிருந்து விழுந்தார். குடித்திருந்தார்.' இவ்வளவுதான் எழுதுவார்.

இப்படி எழுதிய மனிதரை எப்படி விட்டுவைத்தார்கள் என்று கேட்பீர்கள். ஏட்டை யாரும் படித்ததில்லை, அதனால்தான். அது புனிதமானது. எங்கள் மடத்துப் பாதுகாவலர் புனித ஏல்வின் திருநாளன்று பீடத்தில் வைத்து, வேதத்தில் வாக்கியம் பார்ப்பதுபோல் நடுவில் திறந்து, தூபம் காட்டுவார்கள். மடத்தலைவர் முதல் கடைசித் துறவி வரை வரிசையாக வந்து திறந்த பக்கத்தை முத்தமிடுவார்கள். முத்தமிடுவதற்குக் கண்ணை மூடவேண்டியிருக்கிறது அல்லவா.

அந்த வருஷம் ஆயரிடமிருந்து கடிதம் வந்தது. மடத்தைச் சோதனையிட வருகிறாராம். முப்பது குதிரை, பதினெட்டு நாய். எத்தனை நாள் தங்குவார் என்று எழுதவில்லை. மடம் கதிகலங்கியது. எங்கள் மடம் ஆயரின் அதிகாரத்துக்கு உட்படாதது. அந்தக் காலத்து அரசர் ஒருவர் அப்படி விடுதலைப் பத்திரம் கொடுத்திருந்தார். பத்திரத்தை எலி தின்றுவிட்டது, முத்திரை மெழுகு உட்பட. நல்லவேளை, நாற்பது வருஷத்துக்கு முன் கோயில் தீப்பிடித்த சமயம் அப்போதைய மடத்தலைவர் துர்ஸ்தான் சாமி பயந்துபோய், பத்திரத்தை வரிக்கு வரி ஆண்டேட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்.

வாரின் சாமி ஏட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். கண்ணீர் விட்டார். கண்ட கை படக்கூடாது என்று அதன் மேல் சிவப்புப் பட்டுத் துணியை வைத்துத் தைக்கச் சொன்னார். ஆயர் வரும்வரை ஒருவரும் பட்டைத் தூக்கக்கூடாது என்று உத்தரவு. அதோடு ஏட்டை மூடியிருக்கலாம். வெளியே மழை. சும்மா இருக்க முடியாமல் மற்றப் பக்கங்களையும் புரட்டினார். 'மணிக்கூண்டு விழுந்தது. சாந்தில் மணல் அதிகம்' என்பதைப் படித்தபோது அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

மறுநாள் காலை மன்றத்தில் எல்லோரும் கூடினார்கள். கதவருகே நின்ற நான் அத்தனையும் கேட்டேன்.

"சகோதரர்களே, நான் உண்மைக்கு எதிரி இல்ல" என்று ஆரம்பித்தார் வாரின் சாமி. "உண்மைய மதிக்கிறவன். மதிக்கிறதாலதான் அத ரொம்பப் புழங்க விடக்கூடாதுங்கறேன். வெள்ளித் தட்டத் தினமும் எடுத்தா திங்கிறோம்? பூட்டித்தான வைக்கிறோம்? ஆயர் நம்ம விடுதலை இருக்கற பக்கத்த மட்டும் பார்த்தா நல்லது. ஆனா அவரும் மனுஷன், புரட்டுவார். நானே புரட்டினேனே!"

ஆஸ்பெர்ன் சாமியைப் பார்த்து, "உம்ம ஞாபகம் பாவியோட ஞாபகம். இனிமே அது கணக்குல சேராது. நான் பேசச் சொல்ற வரைக்கும் வாயத் திறக்கக்கூடாது" என்றார். கிழவர் தலையாட்டினார். எழுத்து விஷயம் தவிர, கீழ்ப்படிதலில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஏட்டைச் சுரண்டுவது என்று முடிவாயிற்று. எழுத்தின் மேல் கத்தி வைத்துச் சுரண்டி, நுரைக்கல்லால் தேய்த்தால் தோல் பக்கம் பழையபடி வெறுமையாகிவிடும். ஆனால் சுரண்டுகிறவன் படித்துவிட்டால்? ஆகவே எழுதப் படிக்கத் தெரியாத ஆள் வேண்டும். எந்த வரியைச் சுரண்டுவது என்று அவனுக்குத் தெரியாதே? ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுப்பது. இந்த யோசனைக்காகத் துணைத்தலைவர் ஃபுல்க் சாமிக்கு அன்று கூடுதலாக ஒரு குவளை மது கிடைத்தது.

ஆளுக்குத் தேர்வு வைத்தார் ஃபுல்க் சாமி. ஒரு தோல் துண்டில் 'உன் தாடியில் தீப்பிடித்திருக்கிறது' என்று எழுதி முகத்துக்கு நேரே காட்டுவார். தாடியைத் தொட்டால் படிக்கத் தெரிந்தவன். முதலில் எனக்குக் காட்டினார். கல்லறைக் கற்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கொஞ்சம் படிக்க வரும். படித்ததும் தாடி தாங்க முடியாமல் அரித்தது. தொடவில்லையே! "ஆட்டுப் படமா சாமி?" என்றேன். "மடையன். ஆனா வாசலுக்கு ஆள் வேணும்" என்று விட்டுவிட்டார்.

அடுத்து வுல்மர் வந்தான். ஓடைக்கரையில் தோல் பதம் செய்கிறவன், ஏட்டுக்குத் தோல் கொடுப்பவனும் அவன்தான். துண்டை வாங்கி முகர்ந்தான், விரலால் தடவினான். "கன்னுக்குட்டித் தோலு. வால் பக்கம் சொரசொரப்பு நிக்குது. நான் செஞ்சது இல்ல சாமி, நான்னா இப்படி விடமாட்டேன்" என்றான். வேலை அவனுக்குக் கிடைத்தது.

வுல்மரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவன் அம்மா கோல்டித் மடத்துப் பண்ணையடிமை, துறவிகளின் துணி வெளுத்தவள். அந்தக் கோயில் தீயின்போது துறவிகள் எல்லோரும் வெளியே ஓட, அவள் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடிப் புனித ஏல்வினின் எலும்புப் பேழையைத் தூக்கிவந்தாள். துர்ஸ்தான் சாமி அவளையும் அவள் வம்சத்தையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி அடிமைத்தளையிலிருந்து விடுவித்தார். ஆகவே வுல்மர் சுதந்திரமானவன். அவன் மகள் லெவிவாவுக்கு அக்கரை ஓடக்காரர் வீட்டில் சம்பந்தம் முடிந்து, அறுவடை ஆனதும் கல்யாணம். அடிமையின் மகள் என்றால் மடத்து நிலத்தைத் தாண்டிப் போய் வாழ முடியாது. சுதந்திரமானவன் மகள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வேலை தொடங்கியது. வுல்மர் பலகையில் ஏட்டை விரித்துச் சுரண்டுவான். சுரண்டிய தூளை ஒரு பையில் சேர்ப்பான், கொதிக்க வைத்தால் நல்ல பசை ஆகும். ஆஸ்பெர்ன் சாமி எதிரே உட்கார்ந்து, வெறுமையான இடங்களில் புதிய உண்மைகளை எழுதுவார். 'மடத்தலைவர் குதிரையிலிருந்து விழுந்தார்' என்பது 'தாழ்மையினால் குதிரையிலிருந்து விரைவாக இறங்கினார்' ஆயிற்று.

துறவிகள் சிவப்பு மையோடு வரிசையில் நின்றார்கள். பண்டகசாலைத் துறவி, மீனைத் தவிர இறைச்சி ஆகாத தவக்காலத்தில் வாத்துத் தின்றதாக ஒரு வரி இருந்தது. "வாத்து எங்க இருக்கு? தண்ணில. தண்ணில இருக்கறது என்ன? மீனு. இதுகூடத் தெரியாத கிழவன் வரலாறு எழுதுறான்!" என்று அவர் புள்ளி வைத்தார். கோயில் பொருள் காப்பவருக்கு, 'புதிதாக வாங்கியதோடு புனித ஏல்வினுக்கு மூன்று கை ஆயிற்று' என்ற வரி உறுத்தியது. ஒரு துறவி இரண்டு நாள் தேடியும் தம் பெயர் எங்கும் அகப்படவில்லை. "என்னப் பத்தி அசிங்கமா ரெண்டு வார்த்த எழுதிட்டுச் சுரண்டுங்கய்யா, எனக்கும் மானம் இருக்குல்ல" என்று அழாக்குறையாகக் கெஞ்சினார். செய்து கொடுத்தோம்.

ஒன்பதாம் நாள் ஃபுல்க் சாமி ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் நின்றார். இரண்டு தடவை படித்தார். வாய் காதுவரை போயிற்று. சிவப்புப் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போனார். மதுக் குவளையோடு வந்த நான் எட்டிப் பார்த்தேன். 'இந்த வருஷம் மடத்தலைவர் துர்ஸ்தான், துணி வெளுக்கும் கோல்டித்தையும் அவள் வம்சத்தையும் பீடத்தின் முன் விடுவித்தார்.'

ஆஸ்பெர்ன் சாமியைப் பார்த்தேன். பார்வையுள்ள கண்ணில் நீர் நின்றது. பேச உத்தரவில்லை.

வுல்மரை வெளியே கூட்டிப் போய்ச் சொன்னேன். நம்பாமல் உள்ளே வந்து, "எது அண்ணே? காட்டுங்க" என்றான். காட்டினேன்.

"இதுவா எங்கம்மா? இவ்ளோ சின்னதாவா இருக்கா?" விரலை மெதுவாக அந்த வரியின் மேல் வைத்தான். "சாம்பத் தண்ணில வெளுத்து வெளுத்து எங்கம்மா கை மரப்பட்ட மாதிரி இருக்கும். இது வழவழன்னு இருக்கே அண்ணே."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாள் அவன் மன்றத்துக்குப் போய் முழங்காலிட்டான்.

"சாமி, என் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். அந்த ஒரு வரிய மட்டும் விட்ருங்க."

"ஏட்டுல இல்லாதது நடக்கல, வுல்மரு. நீ சுதந்திரமானவன்னு ஏட்டுல எங்க இருக்கு?" என்றார் வாரின் சாமி, கனிவாக.

"இருக்கே சாமி, நேத்து விரல வச்சுப் பாத்தேனே."

"நீ சுரண்டினதுக்கு அப்புறம் இருக்காது."

"அப்ப நான் சுரண்டமாட்டேன் சாமி."

"மடத்து அடிமை மாட்டேன்னு சொல்லலாமா?"

"இன்னும் சுரண்டலயே சாமி. இப்ப நான் அடிமை இல்லையே?"

"அதனாலதான் சீக்கிரம் சுரண்டச் சொல்றோம்" என்றார் ஃபுல்க் சாமி. "இந்தக் குழப்பத்துலயே உன்ன ரொம்ப நாள் விட்டுவைக்க எங்களுக்கு மனசு வரல."

வாரின் சாமி பெருமூச்சு விட்டார். "உனக்கு நான் கெட்டதா செய்றேன்? சுதந்திரமானவனுக்கு யாரு இருக்கா? பசிச்சா அவனே தேடணும், செத்தா அவனே குழி தோண்டணும். அடிமைக்கு நாங்க இருக்கோம். உன் அம்மா பாவம், நெருப்புக்குள்ள போய் ஒரு பெட்டியத் தூக்கிட்டு வந்து இத்தன பெரிய நஷ்டத்த வாங்கிக் கட்டிக்கிட்டா. அத நான் சரி பண்றேன். நீ செய்யலன்னா வேற ஆள் செய்வான். அப்ப உன் பொண்ணு நாளைக்கே மடத்துச் சமையக்கட்டுல விலாங்கு மீனுக்குத் தோல் உரிச்சிட்டு இருப்பா."

வுல்மர் எழுந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த எடம் வயித்துப்பக்கத் தோலு சாமி, ரொம்ப மெல்லிசு. ஆழமாச் சுரண்டினா ஓட்ட விழும். பின்பக்கமும் எழுத்து இருக்கும்ல" என்றான்.

"எங்களுக்குத் தோலப் பத்திப் பாடமா?" என்றார் ஃபுல்க் சாமி. "நல்லா ஆழமாச் சுரண்டு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எழுத்தோட நெழல்கூடத் தெரியக்கூடாது."

"பின்னாடி ஏதோ செவப்புப் பட்டு தச்சிருக்கு சாமி. ஒரு தடவ அதத் தூக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பட்டத் தூக்கக்கூடாதுன்னு உத்தரவு. படிக்கத் தெரியாத பய, பின்பக்கத்தப் பத்தி உனக்கென்ன கவல? உனக்குக் காட்டின பக்கத்தப் பாரு."

அந்தப் பட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். எழுதிய ஆஸ்பெர்ன் சாமிக்கும் தெரியும். அவர் பேசக்கூடாது. எனக்குப் படிக்கத் தெரியாது. நாங்கள் இருவரும் உத்தரவை மீறாமல் உட்கார்ந்திருந்தோம்.

வுல்மர் சுரண்டினான். அழுதுகொண்டே சுரண்டினான். சொன்னபடியே, ஆழமாக, நிழல்கூட மிச்சமில்லாமல். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவன் எங்கள் மடத்தில் அவன் ஒருவன்தான். தோல் உள்ளங்கை அகலத்துக்குப் போய், பட்டு மட்டும் தெரிந்தது. சாயங்காலம் ஃபுல்க் சாமி வந்து குனிந்து பார்த்தார்.

"பலே! அந்த எடத்துல ஒண்ணுமே இல்லையே! செவப்பு மட்டும் தெரியுது. வேதசாட்சிகளோட நெறம். நல்ல சகுனம்" என்று ஏட்டை மூடினார். கிழவர் அன்றைக்கு இறகுப்பேனாவைச் சீவியதில் ஒரு குஷி தெரிந்தது.

அடுத்த வாரம் ஆயர் வந்தார். எலும்பும் தோலுமான ஆள், ஆனால் சாப்பாட்டைப் பார்த்தால் கண் பெரிதாகும். முப்பது குதிரையும் தீவனத்தில் வாய் வைப்பதற்குள் வாரின் சாமி அவரை மன்றத்துக்கு அழைத்துப்போய் ஏட்டின் முன் நிறுத்தினார்.

"ஆண்டகையே, நாங்க வாயால ஒண்ணும் பேசமாட்டோம். எங்க ஏடு பேசும். இந்த மடத்துல ஒரு சட்டம் உண்டு. ஏட்டுல இருக்கறத எவனும் மறுக்க முடியாது. ஏட்டுல இல்லாதது நடக்கவே இல்ல. உங்களுக்கும் அது சம்மதந்தானே?"

"மனப்பூர்வமா சம்மதம்" என்றார் ஆயர்.

வாரின் சாமி ஃபுல்க் சாமியிடம் கத்தி வாங்கி, தையலை அறுத்து, பட்டைத் தூக்கினார்.

மேலே 'அரசர் தம் கிருபையினால்' என்று இருந்தது. கீழே சாட்சிகளின் பெயர்கள் இருந்தன. நடுவில் அரசர் என்ன கொடுத்தார் என்பது இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த பக்கம் தெரிந்தது.

ஆயர் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார். "அரசர் கிருபையா எனக்கு ஒரு பொந்து குடுத்திருக்கார் போல."

"இருந்துச்சு ஆண்டகையே! இங்கதான் இருந்துச்சு! ஆஸ்பெர்ன், பேசும்! உத்தரவு குடுத்துட்டேன், பேசும்யா!"

கிழவர் எழுந்தார். பல நாள் கழித்து வந்த குரல் கரகரத்தது. "என் ஞாபகம் பாவியோட ஞாபகம், கணக்குல சேராதுன்னு இதே மன்றத்துல நீங்கதான் சொன்னீங்க. அந்த உத்தரவ நீங்க இன்னும் ரத்து பண்ணல."

ஆயர் சிரித்த சிரிப்பில் வெளியே நாய்கள் குரைத்தன. சிரித்து முடித்து, "இந்த மடம் எனக்கு உட்பட்டதுதான். விடுதலைன்னு ஒண்ணும் நடக்கல. உங்க சட்டம்" என்றார். பிறகு ஏட்டைத் திருப்பினார். "இந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? என் உத்தரவு, சொல்லும்."

ஆஸ்பெர்ன் சாமி சொன்னார். ஆயர் வாரின் சாமியின் முகத்தைப் பார்த்தார். அடிமைக் குடும்பம் ஒன்று கைவிட்டுப் போய்விடுமோ என்ற கவலை அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் ஆயருக்குத் தர்மசிந்தனை வந்துவிட்டது.

"ஓட்டைய ஒட்டுங்க. அந்தப் பொம்பளையோட வரிய மறுபடி எழுதி என் முத்திரையப் போடுங்க. பட்டு இருந்த பக்கம் வெறுமையா இருக்கட்டும்" என்றார். வுல்மரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம் கையால் ஒரு ஏழை பிழைத்தான் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஒட்டுப்போடும் வேலையும் வுல்மருக்குத்தான் வந்தது. அவன் பையிலிருந்த தூளைக் கொட்டிக் கொதிக்க வைத்தான். மடத்தலைவரின் குடி, பண்டகசாலைத் துறவியின் வாத்து, புனித ஏல்வினின் மூன்றாவது கை எல்லாம் சேர்ந்து நல்ல கெட்டியான பசை ஆயிற்று. ஒட்டுக்கு அவன் கொண்டுவந்த தோலைப் பார்த்ததும் நான் திகைத்தேன்.

"என்னடா இது, செருப்புக்கா வச்சிருந்த?"

"கெழட்டு எருதோட கழுத்துத் தோலு அண்ணே. இத ஓட்ட போடணும்னா மூணு மடத்தலைவர் ஆயுசு பத்தாது."

அதன் மேல் ஆஸ்பெர்ன் சாமி கோல்டித்தின் பெயரைக் கட்டைவிரல் தடிமனுக்கு எழுதினார். லெவிவா அறுவடை முடிந்து அக்கரைக்குப் போனாள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன், சுவர் உள்ள கதவை. ஆயர் ஒன்பது வாரம் தங்கி, குளத்து விலாங்கு தீர்ந்ததும் கிளம்பினார். 'எங்கள் அன்பான அழைப்பை ஏற்று ஆயர் வந்தார்' என்று அந்த வருஷத்துக்கு எழுதச் சொன்னார்கள். எழுதியிருக்கிறது.

ஒரு சங்கடம்தான். அந்தத் தடித்த ஒட்டினால் ஏடு இப்போது சரியாக மூடுவதில்லை. எங்கே திறந்து வைத்தாலும் பக்கங்கள் தாமாகப் புரண்டு அங்கேயே வந்து நிற்கின்றன. ஃபுல்க் சாமி மேலே கல்லை ஏற்றிப் பார்த்தார், கொக்கி அடித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. திருநாளன்று வழக்கம்போல் பீடத்தில் வைத்துத் தூபம் காட்டுகிறார்கள். வாரின் சாமி முதலில் வருகிறார், அடுத்து ஃபுல்க் சாமி, பின்னால் மற்றவர்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, துணி வெளுத்த கோல்டித்தின் பெயரை முத்தமிட்டுவிட்டுப் போகிறார்கள்.